தோமியேயின் கல்லச்சு ஓவியங்கள்: நகர வாழ்வும் அரசியல் எதிர்ப்பும்

முன்னுரை

ஓவியம் பற்றிய ஆராய்ச்சி தமிழாய்வு இதழொன்றில் இடம்பெறுதல் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். அங்கதம் என்னும் பொருள் சொல்லுக்கு மட்டும் உரியதன்று, கோட்டிற்கும் உரியது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், கரந்த பொருளுடைய அங்கதம் என இரண்டாகப் பகுத்து, முன்னதை வசை என்றும் பின்னதைப் பழிகரப்பு என்றும் பெயரிட்டு உணர்த்துகிறது. ஒருவனை வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று. பழிப்பைச் சொல்லுக்குள் ஒளித்து வைப்பது மற்றொன்று. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவன் படைக்கலங்களின் பொலிவைப் புகழ்வார்போல் நின்று, அவை போர் காணாதவை என்பதை உணர்த்திய திறத்தை நாம் அறிவோம். புலவர் எந்நிலையில் வெளிப்படையாகப் பேசுவர், எந்நிலையில் கரந்து பேசுவர் என்னும் வினா இலக்கிய வினா மட்டுமன்று. ஆட்சியையும் சட்டத்தையும் தொட்டு நிற்கும் வினாவுமாம்.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பிரெஞ்சு நாட்டு ஓவியர் ஓனோரே தோமியேயின் வாழ்வும் பணியும் சிறந்த களமாக அமைகின்றன. அவர் 1808இல் பிறந்து 1879இல் மறைந்தவர். ஏறத்தாழ நாலாயிரம் கல்லச்சு ஓவியங்களை வரைந்தவர். அவற்றுள் மிகப்பல நாளிதழுக்கும் வார இதழுக்கும் வரையப்பட்டவை. அவருடைய பணியை இரண்டாகப் பிரித்துக் காண்பது பொதுவழக்கு. 1835 வரையில் அவர் அரசியல் ஓவியர் என்றும், அதன்பின் சட்டத்திற்கு அஞ்சி அரசியலைக் கைவிட்டு நகரமக்களின் வேடிக்கைகளை வரையும் நகைச்சுவை ஓவியர் ஆயினார் என்றும் கூறுவர். இப்பிரிவு மேலோட்டமானது என்பது எம் கருத்து. நகரத்தைக் கண்ட கண்ணும் அநீதியைக் கண்ட கண்ணும் அவரிடத்து ஒன்றே. சட்டம் மாற்றியது கூறும் முறையையேயன்றிக் கூறப்பட்ட பொருளையன்று. இதனை அவருடைய ஓவியங்கள் சிலவற்றைக் கொண்டு நிறுவ முயல்வோம்.

இளமையும் நகரமும்

தோமியே தென்பிரான்சின் மார்சேய் நகரிற் பிறந்தார். தந்தை கண்ணாடி பொருத்தும் தொழிலாளர். கவிஞராக வேண்டுமென்னும் வேட்கையால் பாரிசு நகருக்குச் சென்றவர். குடும்பமும் பின்தொடர்ந்தது. தந்தையின் கவிதை குடும்பத்தை வாழ்விக்கவில்லை. ஆதலின் மகன் இளமையிலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது. முதலில் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அலுவலர் ஒருவரிடம் ஏவலாளாக இருந்தார். பின்னர்ப் பலே ரோயால் பகுதியிலிருந்த புத்தகக் கடையொன்றில் பணிபுரிந்தார்.

இவ்விரு வேலைகளும் அவருக்கு வாய்த்த பள்ளிகள் எனலாம். முதல் வேலை நீதிமன்றத்தின் உட்புறத்தைக் காட்டியது: கறுப்பு அங்கியணிந்த வழக்கறிஞரையும், கடன் தீர்க்க இயலாமல் வீட்டுப்பொருளை இழப்பாரையும் அச்சிறுவன் கண்டான். இரண்டாம் வேலை தெருவைக் காட்டியது: கடைவீதியில் உலவும் செல்வர், வேலையற்றோர், வம்பளப்போர், நாட்டுப்புறத்தினின்று வந்து திகைப்போர் ஆகிய அனைவரும் அவன் கண்முன் நடந்தனர். எதிரில் ஒருவரை அமர்த்தி வரைவதினும் நினைவிலிருந்து வரைவதே பிற்காலத்தில் தோமியேயின் வழக்கமாயிற்று. அந்நினைவின் அடித்தளம் இவ்வாண்டுகளில் அமைந்தது.

கல்லும் மையும்

அவர் கைக்கொண்ட கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கல்லச்சு முறையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவேரிய நாட்டில் அலோயிசு செனெபெல்டர் கண்டுபிடித்தார். நெய்ப்பசையும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லின்மீது நெய்ப்பசையுள்ள கோலால் ஓவியர் வரைவார். பின்னர்க் கல்லை நீரால் நனைத்து அதன்மேல் மையை உருட்டுவர். கோடு பட்ட இடம் மையைப் பற்றும். நீர் பட்ட இடம் அதனைத் தள்ளும். தாளை அதன்மேல் வைத்து அழுத்த, ஓவியம் தாளில் இறங்கும்.

மரத்திலோ செம்பிலோ செதுக்கும் பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. செதுக்குவதற்குத் தனிக் கைத்தொழிலாளரும் நீண்ட நாள்களும் வேண்டும். கல்லச்சில் ஓவியரின் கையே கல்லைத் தொடுகிறது. தாளில் வரையும் விரைவிலேயே கல்லிலும் வரையலாம். நேற்று நிகழ்ந்ததை நாளை விற்பனைக்குக் கொணரலாம். நாளிதழின் விரைவுக்கு ஓவியம் ஈடுகொடுக்க இயன்றது இக்கல்லினால்தான். அரசியல் ஓவியம் ஓர் ஆற்றலாக வளர்ந்ததற்கும் அதனை அரசு அஞ்சியதற்கும் இவ்விரைவே முதற்காரணம்.

பேரிக்காயும் கார்கான்துவாவும்

1830 சூலைத் திங்களின் இறுதியில் மூன்று நாள் பாரிசு நகரத் தெருக்களில் நடந்த புரட்சியினால் பத்தாம் சார்லசு அரியணை இழந்தார். அவருக்குப்பின் லூயி பிலிப்பு மன்னரானார். குடிமக்கள் தம் கருத்துகளை அச்சிட்டு வெளியிடும் உரிமை உடையர் என்றும், தணிக்கை முறை இனி ஒருபோதும் மீளாது என்றும் புதிய அரசியல் சாசனம் உறுதி கூறியது. அந்த உறுதியை நம்பி அவ்வாண்டிலேயே சார்லசு பிலிப்போன் என்பார் 'லா கரிகத்யூர்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1832 திசம்பரில் 'லெ ஷரிவாரி' என்னும் நாளிதழையும் தொடங்கினார். ஷரிவாரி என்பது பிரெஞ்சு நாட்டுப்புற வழக்கமொன்றின் பெயர். ஊரார் பொருந்தாதது எனக் கருதும் திருமணம் நடந்த வீட்டின்முன் திரண்டு, பானை சட்டிகளைத் தட்டி இரைச்சலிட்டு எள்ளுவர். நாள்தோறும் அரண்மனை வாயிலில் சட்டி தட்டுவதே தம் இதழின் வேலை என்பதனை அப்பெயராலேயே பிலிப்போன் உணர்த்தினார்.

உறுதிமொழியின் அளவு விரைவில் வெளிப்பட்டது. 1831 நவம்பரில் மன்னரை இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டின்மேல் பிலிப்போன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் நான்கு சிறு படங்களை வரைந்து காட்டினார். முதற்படம் மன்னரின் முகம். ஈற்றுப்படம் வெறும் பேரிக்காய். இடைப்பட்டவை ஒன்று மற்றொன்றாக மாறும் படிகள். எந்தப் படியில் குற்றம் தொடங்குகிறது என்பதே அவர் எழுப்பிய வினா. பிரெஞ்சு மொழியில் பேரிக்காயைக் குறிக்கும் சொல் பேதை என்னும் பொருளையும் தருவது. தண்டனை நீங்கவில்லை, ஆயின் அந்நாள் முதல் பாரிசுச் சுவர்களில் சிறுவர் கரியால் வரைந்த பேரிக்காய் ஒவ்வொன்றும் மன்னரின் உருவமாயிற்று.

தோமியே 'கார்கான்துவா' என்னும் ஓவியத்தை 1831 திசம்பரில் வரைந்தார். கார்கான்துவா என்பவன் 16ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் இராபெலே படைத்த பெருந்தீனி அரக்கன். ஓவியத்தில் மன்னர் அவ்வரக்கனாக ஒரு நாற்காலியில் அமர்ந்துள்ளார். அவர் வாயிலிருந்து தரை வரையில் ஒரு பலகை சாய்ந்துள்ளது. கீழே கந்தலுடுத்த ஏழைகள் தம்மிடமுள்ள காசுகளைக் கூடையில் இடுகின்றனர். கூலியாட்கள் கூடைகளைச் சுமந்து பலகைமேல் ஏறி மன்னரின் வாயிற் கொட்டுகின்றனர். நாற்காலியின் அடியிலிருந்து பட்டங்களும் பதவி ஆணைகளும் விழ, அவற்றைப் பொறுக்கச் சட்டமன்ற உறுப்பினர் முண்டுகின்றனர். வரி எங்கிருந்து எழுந்து எங்குச் சென்று எவ்வுருவில் கழிகிறது என்பதைப் பொருளியல் நூலொன்று பல பக்கங்களில் விளக்குவதை ஒரே பார்வையில் காட்டும் படம் இது. செம்பொருள் அங்கதத்திற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

இதற்காக 1832 பெப்ரவரியில் அவருக்கு ஆறு திங்கள் சிறையும் 500 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. அவருடன் அச்சிட்டவரும் வெளியிட்டவரும் வழக்கிற் சிக்கினர். தண்டனை உடனே நிறைவேற்றப்படவில்லை. அவர் மீண்டும் அவ்வகைப் படங்களை வரைந்தமையால் ஆகசுட்டில் சிறைப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24.

திரான்சுநொனேன் தெரு

இதழ்கள்மீது தொடர்ந்து விழுந்த தண்டங்களைச் செலுத்துவதற்குப் பிலிப்போன் ஒரு வழி கண்டார். உறுப்பினர் கட்டணம் செலுத்துவோர்க்குத் திங்கள்தோறும் பெரிய அளவிலான கல்லச்சு ஓவியம் ஒன்றை வழங்கும் சங்கத்தை 1832இல் அமைத்தார். தோமியேயின் தலைசிறந்த அரசியல் ஓவியங்கள் 1834இல் இச்சங்கத்தின் வழி வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, வளைந்த இருக்கை வரிசைகளில் கொழுத்தும் உறங்கியும் கிடக்கும் அமைச்சரையும் உறுப்பினரையும் காட்டும் 'சட்டமன்ற வயிறு'. மற்றொன்று, கைம்முட்டியை இறுக்கிக் கால் பரப்பி நிற்கும் அச்சுத் தொழிலாளி ஒருவனைக் காட்டி, இவனைத் தொடாதீர் என மன்னர்களை எச்சரிப்பது. இவ்வரிசையின் 24ஆவதும் இறுதியுமான தாளே 'திரான்சுநொனேன் தெரு, 1834 ஏப்ரல் 15' என்பது.

அதன் பின்னணி வருமாறு. 1834 ஏப்ரலில் இலியோன் நகரப் பட்டுநெசவுத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். சில நாள்களில் கிளர்ச்சி பாரிசுக்கும் பரவியது. தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குறுகிய தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. திரான்சுநொனேன் தெருவருகே படைத்தலைவர் ஒருவர் குண்டுபட்டு வீழ, குண்டு 12ஆம் எண் வீட்டிலிருந்து வந்ததெனக் கொண்ட படைவீரர் அவ்வீட்டுள் நுழைந்து, மாடிதோறும் ஏறி, உறங்கியிருந்தோரையும் ஒளிந்திருந்தோரையும் கொன்றனர். பன்னிருவர் மாண்டனர். உயிர்பிழைத்தோரின் வாக்குமூலங்களைத் திரட்டி இளம் வழக்கறிஞர் இலெத்ரு ரோலேன் அவ்வாண்டிலேயே ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியைத் தோமியே வரைந்த முறை நம் ஆராய்ச்சிக்கு மையமானது. ஓவியத்தில் படைவீரர் இல்லை, துப்பாக்கி இல்லை, மன்னர் இல்லை, பேரிக்காய் இல்லை. ஒரு சிறிய அறை. கலைந்த படுக்கை, விரிப்பு தரைக்குச் சரிந்துள்ளது. ஒரு நாற்காலி கவிழ்ந்துள்ளது. படுக்கையில் சாய்ந்தபடி இரவுச்சட்டையும் உறக்கக் குல்லாயும் அணிந்த ஆடவன் ஒருவன் இறந்து கிடக்கிறான். ஒளி முழுவதும் அவனது வெள்ளைச் சட்டையின்மேல் விழுகிறது. நாம் முதலில் அவனை மட்டுமே காண்கிறோம். சிறிது நேரம் நோக்கிய பின்னரே அவன் உடலின்கீழ் நசுங்கிக் கிடக்கும் குழந்தையின் தலை தெரிகிறது. பின்னர் இடப்புறத்து இருளில் ஒரு பெண்ணின் உடலும், வலப்புற ஓரத்தில் ஒரு முதியவரின் தலையும் புலனாகின்றன. கண் அறைக்குள் ஒவ்வோர் அடியாகச் செல்லச் செல்ல இறந்தோர் எண்ணிக்கை வளர்கிறது. தலைப்பு ஒரு தெருவின் பெயர், ஒரு நாள், அவ்வளவே. பழிக்கும் சொல் ஒன்றும் இல்லை.

இதனை எவ்வகையில் அடக்குவது? வெளிப்படப் பழிக்காமையால் செம்பொருள் அங்கதம் அன்று. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே காட்டுதலின் பழிகரப்பும் அன்று. கவிஞர் பொதலேர் 1857இல் பிரெஞ்சுக் கேலி ஓவியர் பற்றி எழுதுங்கால் இதனைக் கேலிச்சித்திரமாகக் கொள்ளாது வரலாறாகவே கொண்டார். நம் மரபில் இதற்கு நெருங்கிய துறை கையறுநிலை எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கையறுநிலைப் பாடல்கள் பெரும்பாலும் பெயர்பெற்ற தலைவன் மாய்ந்தமை கண்டு இரங்குவன. இங்கோ மாய்ந்தவர்க்குப் பெயர் இல்லை. அவர்கள் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோர் என்பது ஒன்றே நமக்குத் தெரிகிறது. பெயரற்றோர்க்குப் பாடிய கையறுநிலையாக இவ்வோவியம் நிற்கிறது.

உறக்கக் குல்லாய் என்ற சிறு பொருளை இவ்விடத்து நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். அது பின்னர் நமக்குப் பயன்படும்.

ஓவியம் வெளியீட்டாளரின் கடைப்பலகணியில் வைக்கப்பட்டபோது மக்கள் திரண்டு நோக்கினர். காவல்துறையினர் கல்லையும் எஞ்சிய தாள்களையும் கைப்பற்றினர். பின்னர் 1851இல் அத்தெரு அகன்ற வேறொரு தெருவுடன் இணைக்கப்பட, அதன் பெயரும் மறைந்தது. இன்று அப்பெயர் வாழ்வது இவ்வோவியத்தின் தலைப்பினாலேயே எனல் மிகையாகாது.

சொல்லா, செயலா?

1835 சூலை 28ஆம் நாள் மன்னரைக் கொல்ல முயற்சி நிகழ்ந்தது. மன்னர் தப்பினார், வேறு பலர் மாண்டனர். அதனைக் காரணமாகக் கொண்டு செப்டம்பரில் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின்படி எந்த ஓவியமும் அரசின் முன்னனுமதி இன்றி வெளிவருதல் கூடாது. தணிக்கை ஒருபோதும் மீளாது என்று சாசனம் கூறியிருக்க இஃது எவ்வாறு இயலும் என்னும் வினா எழுந்தது. அரசு தரப்பில் தரப்பட்ட விடை ஆராய்தற்குரியது. சாசனம் காப்பது கருத்துகளை வெளியிடும் உரிமையை, எழுத்து கருத்தாகும், ஓவியமோ கண்ணை நோக்கிப் பேசி உணர்ச்சியைக் கிளறுவதால் செயலாகும், செயலுக்குச் சாசனத்தின் காப்பு இல்லை என்பதே அது.

இவ்வாதத்தைச் சூழ்ச்சியென ஒதுக்கிவிடல் எளிது. ஆயின் அதனுள் ஓர் உண்மையும் உண்டு. எழுத்தறியாதவர் கட்டுரையைப் படியார். கடைப்பலகணியில் தொங்கும் ஓவியத்தைக் காண்பர். கட்டுரையைத் தனித்திருந்து படிப்பர். ஓவியத்தைக் கூட்டமாய் நின்று நோக்கி, ஒருவரோடொருவர் பேசி நகைப்பர். கூட்டமாய் நகைத்தல் கூட்டமாய் எழுதலுக்கு முதற்படியென அரசு அஞ்சியது. எனவே ஓவியத்தின் ஆற்றலை மிகச் சரியாக மதித்தவர்கள் அதனைத் தடைசெய்தவர்களே என்னும் முரண்பட்ட முடிவுக்கு நாம் வரவேண்டியுள்ளது. பிரான்சில் எழுத்துக்கு முன்னனுமதி நீங்கிய பின்னரும் ஓவியத்திற்கு அது பலமுறை மீண்டு வந்தமை இவ்வச்சத்தின் அளவைக் காட்டும். 1848இல் நீங்கிய தடை 1852இல் மீண்டது. 1870இல் நீங்கி 1871இல் மீண்டது.

பழிகரப்பு

'லா கரிகத்யூர்' 1835இல் நின்றது. 'லெ ஷரிவாரி' தொடர்ந்தது. தோமியேயும் அதில் தொடர்ந்தார். அமைச்சர் முகங்கள் மறைந்து, வழக்கறிஞர், வீட்டுரிமையாளர், குடியிருப்போர், வணிகர், நாடகம் காண்போர், சேன் ஆற்றில் நீராடுவோர் ஆகியோர் அவர் கல்லில் தோன்றினர். நம் இலக்கணத்தார் அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டலாகாது என்றனர். புறத்திணையில் பெயர் கூறுவர். தோமியேயின் மாந்தரும் பெயர் இழந்து பொதுமாந்தர் ஆயினர். நம் மரபில் அது பாடற்பொருளுக்கேற்ற நெறி. அவரிடத்தில் அது சட்டத்தின் விளைவு. ஆயினும் விளைவில் ஓர் ஒற்றுமை உண்டு. பெயர் நீங்கியபோது ஒருவரைப் பற்றியது பலரைப் பற்றியதாக விரிந்தது.

1836 முதல் 1838 வரை வெளிவந்த இரொபேர் மக்கேர் வரிசை இதற்கு முதற்சான்று. நாடகமேடையில் புகழ்பெற்ற கயவன் ஒருவனைத் தோமியே எடுத்துக்கொண்டார். படங்களின் அடியிற் கண்ட உரையாடலைப் பிலிப்போன் எழுதினார். நூறு ஓவியங்கள் கொண்ட இவ்வரிசையில் மக்கேர் வங்கி நிறுவுவான், பங்குகள் விற்பான், மருத்துவனாவான், வழக்கறிஞனாவான், எங்கும் ஏமாற்றுவான். ஓரிடத்தில் அவன் தன் தோழனிடம் பெருந்தொகையில் வங்கி தொடங்குவோம் என்கிறான். காவலர் பிடிப்பரே எனத் தோழன் அஞ்ச, கோடீசுவரரைப் பிடிப்பாரும் உளரோ என நகைக்கிறான். கார்கான்துவா ஒரு மன்னரைப் பழித்தது. மக்கேரோ அம்மன்னரின் ஆட்சியில் தழைத்த பணவேட்கை முழுவதையும் பழித்தான். தணிக்கையாளர் மன்னரின் முகத்தைத் தேடினர், அது அங்கில்லை. ஆட்சியின் முகமே அங்கிருந்தது.

1845 முதல் வெளிவந்த 'நீதித்துறை மாந்தர்' வரிசையும் அத்தகையதே. சிறுவயதில் கண்ட கறுப்பு அங்கிகள் இங்கு மீண்டும் வருகின்றன. வழக்கறிஞர் கை வீசி முழங்குகின்றார், நீதிபதி உறங்குகின்றார், வழக்கில் தோற்ற கைம்பெண் அழுகின்றாள், அவளுடைய வழக்கறிஞர் தம் சொல்வன்மையை எண்ணி மகிழ்கின்றார். எந்த நீதிபதியின் பெயரும் சுட்டப்படவில்லை. ஆறு திங்கள் சிறை விதிக்கப்பட்டவர் வரைந்த நீதிமன்றம் இது என்பதை நினைவிற்கொண்டு நோக்கின், நகைச்சுவையின் அடியிலுள்ள கசப்பு விளங்கும்.

இனி உறக்கக் குல்லாய்க்கு வருவோம். மணவாழ்க்கையையும் 'நற்குடி மக்களை'யும் வாடகை வீட்டாரையும் பற்றிய வரிசைகளில் உறக்கக் குல்லாய் அடிக்கடி வருகிறது. நள்ளிரவில் குழந்தை அழ எழுந்து உலவும் தந்தையும், அண்டை வீட்டு ஓசையால் உறக்கம் கெட்டவனும் அதனை அணிவர். நகைப்பூட்டும் எளிய பொருளாகவே அது அங்கு நிற்கும். ஆயின் 1834இல் அதே குல்லாயைத்தான் இறந்த ஆடவன் அணிந்திருந்தான். பின்னாளைய ஓவியங்களில் நாம் கண்டு நகைக்கும் மாந்தரும் 12ஆம் எண் வீட்டில் கொல்லப்பட்ட மாந்தரும் ஒரே மக்கள்: ஒரே படுக்கை, ஒரே நாற்காலி, ஒரே இரவுச்சட்டை. அரசியல் அவ்வறையுள் ஒருமுறை துப்பாக்கியோடு நுழைந்தது. பிறநாள்களில் வாடகையாகவும் வழக்காகவும் பங்குப்பத்திரமாகவும் நுழைந்தது. தோமியே இரண்டையும் வரைந்தார். ஒன்றை அரசியல் என்றும் மற்றொன்றை வேடிக்கை என்றும் பிரிப்பது நம் பிழையேயன்றி அவர் கருத்தன்று.

இதற்கு மாறாக ஒன்று கூறக்கூடும். பெண் எழுத்தாளரை எள்ளிய 1844ஆம் ஆண்டு வரிசை போன்றவற்றில் எளியோர் சார்பைக் காணல் அரிது; அவை இதழின் பெரும்பான்மை வாசகரின் மனப்போக்கிற்கு இசைந்து வரைந்தவை. இதனை நாம் மறுக்கவில்லை. வாரந்தோறும் பல கற்களை நிரப்பிப் பிழைத்தவரின் பணி முழுவதும் ஒரே தரத்தில் நில்லாது. ஆயினும் அவை வரிசைகளுள் சிலவேயாதலால் நம் முடிவு தளர்வதில்லை.

அரியணையில் தெருச்சிறுவன்

1848 பெப்ரவரியில் லூயி பிலிப்பு நாடு துறந்தார். மக்கள் துய்லெரி அரண்மனையுள் புகுந்தனர். தடை நீங்கியது. மார்ச்சுத் திங்களில் தோமியே வெளியிட்ட ஓவியத்தில் பாரிசுத் தெருச்சிறுவன் ஒருவன் மன்னரின் அரியணையில் அமர்ந்து, அது உள்ளே அமிழ்வதை உணர்ந்து வியக்கிறான். அரசியல் ஓவியமும் நகர ஓவியமும் இதில் வேறுபாடின்றிக் கலந்து நிற்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் தெருவில் கண்டு பழகிய சிறுவனை அரியணையில் வைப்பதே புரட்சியைக் காட்டுதற்குப் போதுமானதாயிற்று.

அவ்வுரிமை நீடிக்கவில்லை. லூயி நெப்போலியனுக்கு ஆள்சேர்க்கும் அடியாள் ஒருவனைத் தோமியே 'ரத்தப்புவால்' என்னும் பெயரிட்டுச் சிற்பமாக வடித்தார். மெலிந்த உடல், கையில் தடி, வளைந்த தொப்பி, செருக்கிய நிற்றல் எனத் தோன்றும் அவ்வுருவம் அவர் வாழ்நாளுக்குப் பின்னரே வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. 1851 திசம்பர் 2ஆம் நாள் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவர்ந்தார். அடுத்த ஆண்டு தடை மீண்டது. ஓவியரும் மீண்டும் நகரத்துக்குத் திரும்பினார். இப்போது நகரமே இடிபட்டுக் கொண்டிருந்தது. 1853 முதல் ஓசுமான் பாரிசின் பழந்தெருக்களை இடித்து அகன்ற சாலைகள் அமைத்தார். வீடிழந்தவர், திடீரென ஒளிபெற்ற வீட்டில் வாடகையை உயர்த்தும் உரிமையாளர் ஆகியோர் அவர் கல்லில் ஏறினர்.

1860இல் 'லெ ஷரிவாரி' அவரை விலக்கியது. 1863இல் மீண்டும் ஏற்றது. இக்காலத்தை ஒட்டி அவர் வண்ண ஓவியங்களில் மிகுதியும் ஈடுபட்டார். 'மூன்றாம் வகுப்புப் பெட்டி' என்னும் ஓவியத்தில் இரயில் வண்டியின் மர இருக்கையில் குழந்தைக்குப் பாலூட்டும் இளந்தாயும், கூடையை மடியில் வைத்துக் கைகோத்திருக்கும் கிழவியும், உறங்கும் சிறுவனும் அமர்ந்துள்ளனர். இதில் அங்கதம் இல்லை, நகைப்பும் இல்லை. திரான்சுநொனேன் அறையிற் கண்ட குடும்பமே உயிரோடு இரயிலில் செல்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

இறுதித் தாள்கள்

1870இல் பிரெஞ்சுப் பேரரசு போரில் வீழ்ந்தது. பாரிசு முற்றுகையுற்றது. 1871 சனவரியில் வெளிவந்த ஓவியத்தில் கருந்துகில் போர்த்த ஒரு பெண் முகத்தைக் கைகளால் மறைத்து நிற்கிறாள். அவளைச் சுற்றி நெடுந்தொலைவு பிணங்கள். அவள் புத்தாண்டு, தனக்குக் கிடைத்த மரபுரிமையைக் கண்டு நடுங்குகிறாள். கொன்றவர் எவரும் இதிலும் காட்டப்படவில்லை. 1834இல் ஓர் அறையில் நின்ற கண் 1871இல் ஒரு நாட்டின்மேல் நின்றது.

தோமியேக்கு 1870இல் அரசு அளிக்க முன்வந்த சிறப்பு விருதை அவர் மறுத்தார். கண்ணொளி குன்றி, பாரிசுக்கு வடக்கேயுள்ள வால்மொந்துவா என்னும் சிற்றூரில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1878இல் நண்பர்கள் பாரிசில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவர் மறைந்தார். ஓவியங்களுக்கான முன்னனுமதியை அடியோடு நீக்கிய சட்டம் 1881 சூலை 29ஆம் நாள், அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து வந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தோமியேயின் வாழ்வில் 1835 ஒரு வெட்டன்று, ஒரு திருப்பமே. செம்பொருளுக்கு வழி அடைபட்டபோது அவர் பழிகரப்பை மேற்கொண்டார். வழி திறந்தபோதெல்லாம் செம்பொருளுக்கு மீண்டார். இரண்டிலும் அவருடைய பொருள் நகரத்து எளிய மாந்தர்மேல் ஆட்சி எவ்வாறு படிகிறது என்பதே. இவ்விரு வகையுள்ளும் அடங்காது நிற்பது திரான்சுநொனேன் தெரு. பழிக்கும் சொல்லும் நகைக்கும் கோடும் போதாத இடத்தில், உள்ளதை உள்ளவாறு காட்டி அமைதலே மிகக் கடிய பழிப்பாகும் என்பதற்கு அது சான்று.

இவ்வரலாறு நம் மொழியையும் ஒரு வழியிற் தொடுகிறது. 'லெ ஷரிவாரி'யைப் பின்பற்றி 1841இல் இலண்டனில் தோன்றிய 'பஞ்ச்' இதழ் தன்னை 'இலண்டன் ஷரிவாரி' என்றே அழைத்துக்கொண்டது. அவ்விதழின் வழியே அரசியல் கருத்துப்படம் இந்திய இதழ்களுக்கும் பரவியது. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் சுப்பிரமணிய பாரதியார் கருத்துப்படங்களை விளக்கத்தோடு வெளியிட்டார். 1908இல் அரசின் அடக்குமுறையால் இதழ் புதுச்சேரிக்குச் சென்றது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கும் செல்லும் என 1881ஆம் ஆண்டுச் சட்டமே தன்னகத்துக் கூறியிருந்தது. தோமியே உயிரோடிருந்து காணாத அவ்வுரிமை நடைமுறையிலிருந்த மண்ணில் தமிழ்க் கருத்துப்படம் சிறிது காலம் தழைத்தது. பிரித்தானிய அரசு இதழைத் தன் எல்லைக்குள் புகாது தடுத்தமையால் 1910இல் அது நின்றது.

'இந்தியா' இதழின் படங்களை நாம் பெரும்பாலும் பாரதியாரின் எழுத்துக்குத் துணையாகவே நோக்கி வருகிறோம். எது செம்பொருள், எது கரந்த பொருள், எந்தச் சட்டத்தின் நிழலில் எது வரையப்பட்டது என்று அவற்றைத் தம்மளவிலேயே ஆராயும் பணி ஆராய்ச்சி மாணவரை நோக்கி நிற்கிறது. ஓவியம் செயல் என்று அஞ்சியவர்கள் அதனைக் கூர்ந்து நோக்கினர். அதனை விரும்பும் நாம் அவர்களினும் குறைவாக நோக்குதல் தகாது.